அக்காவின் நோட்டுப் புத்தகம்

மலேசியாவின் சுங்கை சிப்புட் ஊர்ச் சந்தைக்குப் பக்கத்துக் கடையில், தேநீர் ஆறும் வரை அக்கா நோட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

பெயர்கள். பக்கத்தில் சின்னச் சின்னக் குறிப்புகள்.

"கண் ஆபரேஷன், கூடப் போக ஆள் வேணும்."

"பிள்ளைகள் சிங்கப்பூரில். ராத்திரி சமைப்பதில்லை."

"வெள்ளிக்கிழமை கோயிலுக்கு வரலை. போய்ப் பார்க்கணும்."

தோட்டத்து லயத்தில், அந்தத் தொழிலாளர் வரிசை வீடுகளில் இருந்தவரை இதற்கெல்லாம் புத்தகம் தேவைப்படவில்லை. ஒரு வீட்டில் இருமினால் அடுத்த வீட்டுக்குக் கேட்கும். தாமானுக்கு, அதாவது ஊர்ப்பக்கக் குடியிருப்புக்கு வந்த பிறகு ஆளுக்கொரு கேட், ஆளுக்கொரு பூட்டு.

இதே ஊர்க்காரரான, அப்போது அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பெரிய ரப்பர் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற துண்டாடலில் வேலையும் வீடும் பறிபோன காலம் அது. தொழிலாளர்களின் மாதம் 10 வெள்ளி (மலேசியப் பணம்) சேர்ந்து சேர்ந்து தோட்டங்களையே வாங்கியது. தோட்டத்துக்குத் தோட்டம், எல்லாரும் நம்பும் ஒருவர் இல்லாமல் அது நடந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

அப்படிப்பட்டவர்தான் இந்த அக்கா. பதவி இல்லை, சம்பளம் இல்லை. மோட்டாருக்கு எண்ணெய்கூடச் சொந்தக் காசு. அரிசி, பருப்பு கொடுக்கப் பலர் வருகிறார்கள், நல்ல விஷயம். ஆனால் எந்த வீட்டுக்குக் கொடுக்க வேண்டும் என்று அவரிடம்தான் கேட்கிறார்கள். அவருக்கு என்ன வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை.

நான் கேட்டேன். "கூட வர ரெண்டு பிள்ளைங்க இருந்தா போதும்யா. எனக்கு முட்டி வலிக்குது" என்றார்.

எண்ணெய்ச் செலவை எங்கள் தெருவில் சிலர் பகிர்ந்துகொள்கிறோம். சனிக்கிழமை காலையில் அவரோடு போக முடிந்த தம்பி தங்கைகள் இன்பாக்ஸில் சொல்லுங்கள்.