அட்டவணைகளை இணைக்கும் கோடு

என் புத்தகங்களுக்கு ஒரு பட்டியல் தயாரிக்கத் தொடங்கியபோது எல்லா விவரங்களையும் ஒரே அட்டவணையில்தான் பதிந்து வந்தேன். ஓர் ஆசிரியரின் பெயர் 12 வரிசைகளில் இடம்பெற்றிருந்தது. அவற்றுள் மூன்றில் முன்னெழுத்து விடுபட்டிருந்தது, ஒன்றில் ஒற்று மிகுந்திருந்தது. அவருடைய நூல்களைத் தேடியபோது எட்டு மட்டுமே கிடைத்தன. ஐபிஎம் நிறுவனத்தில் பணியாற்றிய எட்கர் காட், தகவல்களை அட்டவணைகளாக வைக்கும் தொடர்புசார் தரவுத்தளத்துக்கு அடித்தளமிட்ட தம் 1970ஆம் ஆண்டுக் கட்டுரையில், ஒரே தகவல் பல இடங்களில் இருப்பதால் நேரும் முரண்களையும் ஆராய்ந்திருக்கிறார்.

ஆகவே ஆசிரியர்களுக்குத் தனி அட்டவணை அமைத்து, ஒவ்வொருவருக்கும் ஓர் எண்ணை முதன்மைத் திறவுகோலாக, அதாவது அந்த வரிசையைத் தனித்துக் காட்டும் அடையாளமாக, வைத்தேன். நூல்கள் அட்டவணையில் பெயருக்குப் பதிலாக அந்த எண் மட்டும் அயல் திறவுகோலாக, அதாவது ஆசிரியர் அட்டவணையின் வரிசையைச் சுட்டுவதாக, இருக்கும். இந்த எண்கள் இருக்கும் இரு புலங்களின் (நெடுவரிசைகளின்) தரவு வகையும் பொருந்த வேண்டும் என்பதை இங்கே மறந்துவிடக் கூடாது. மைக்ரோசாஃப்டின் தரவுத்தள நிரலான ஆக்சஸில், நிரலே தானாக இடும் தானியங்கி எண் என்பது நீள் முழுஎண் வகையைச் சேர்ந்ததாதலால், மறுமுனையிலுள்ள புலமும் அதே வகையாக இருக்க வேண்டும். பிறகு ஆக்சஸிலானாலும் அதைப் போன்ற நிரலான லிப்ரேஆபிஸ் பேஸிலானாலும் உறவுகள் சாளரத்தைத் திறந்து, ஒரு புலத்தை மற்றொன்றின்மீது இழுத்துவிட்டால் இணைப்புக் கோடு தோன்றும்.

ஆனால் ஆக்சஸில் அந்தக் கோடு மட்டும் எதையும் காப்பதில்லை. மேற்கோள் ஒருமைப்பாட்டை, அதாவது சுட்டப்படும் வரிசை உண்மையில் இருக்க வேண்டும் என்ற விதியை, கட்டாயமாக்கும் பெட்டியைத் தேர்வு செய்தால்தான், இல்லாத ஆசிரியரின் எண்ணை நூலுக்கு இட முயலும்போது நிரல் மறுக்கும். அந்த மறுப்புக்காகவே அட்டவணைகளை இணைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஏற்கெனவே பொருந்தாத வரிசைகள் இருந்தால் இந்தக் கட்டாயத்தை ஏற்க முடியாது என்று ஆக்சஸ் சொல்லிவிடும். முதலில் அவற்றைக் கண்டுபிடித்துத் திருத்த வேண்டும். தொடர் நீக்கம் என்னும் வசதியை மட்டும் நான் தேர்வு செய்வதில்லை, ஏனெனில் ஓர் ஆசிரியரின் வரிசையை அழித்தால் அவருடைய நூல்கள் அனைத்தும் சேர்ந்தே அழிந்துவிடும். விலைப்பட்டியலும் அதன் உருப்படிகளும் போல, ஒன்றின்றி மற்றொன்றுக்குப் பொருளே இல்லாத இடத்தில்தான் அது தகும்.

ஆசிரியர் பெயர் தெரியாத நூலுக்கு அயல் திறவுகோலை வெறுமையாக விடலாம். அந்தப் புலத்தின் இயல்பு மதிப்பு, அதாவது எதுவும் இடாதபோது தானே நிரம்பும் மதிப்பு, 0 என்றிருந்தால் அதை நீக்கிவிட வேண்டும். இல்லையெனில் 0 என்ற எண்ணுடைய ஆசிரியரைத் தேடி, காணாமல், பதிவையே நிரல் மறுக்கும்.

இருவர் சேர்ந்து எழுதிய நூல்கள் வந்தபோது இந்த அமைப்பும் போதவில்லை. ஆசிரியர் எண்ணை நூல்கள் அட்டவணையிலிருந்து எடுத்துவிட்டு, நூல் எண்ணும் ஆசிரியர் எண்ணும் மட்டுமுள்ள மூன்றாவது அட்டவணையை இடையில் அமைத்து, இரண்டையும் சேர்த்தே முதன்மைத் திறவுகோலாக்கினேன். இருவர் எழுதியதற்கு அதில் இரண்டு வரிசைகள். ஆசிரியர் தெரியாததற்கு வரிசையே இல்லை.