கிழநரி வராத விவாத அரங்கு

பழைய மாணவர் சங்க மலருக்கு ஒரு நினைவுக் கட்டுரை வேண்டுமென்று செயலாளர் கேட்டிருந்தார். கல்லூரியின் துடுப்பாட்ட வெற்றிகளையும் பரிசளிப்பு விழாக்களையும் எழுதப் பலர் இருக்கிறார்கள். நானோ 1978ஆம் ஆண்டில் ஒரு வெள்ளிக்கிழமை, கடைசிப் பாடவேளையில், எங்கள் எட்டாம் வகுப்பு மாணவர் மன்றத்தில் நடந்த ஒரு விவாத அரங்கைப் பற்றி எழுத விரும்புகிறேன். அன்று அந்த அறையில் இருந்தவர்களில் சிலரேனும் இதை வாசிப்பார்கள் என்ற நம்பிக்கை எனக்கு உண்டு.

எங்களுக்குத் தமிழ் கற்பித்த பண்டிதர் ஐயா, நாப்பயிற்சிக்காக ஒரு வாக்கியத்தைக் கரும்பலகையில் எழுதியிருந்தார்.

"ஓடுற நரியில் ஒருநரி கிழநரி, கிழநரி முதுகினில் ஒருபிடி நரைமயிர்."

இதைப் பத்துத் தடவை மூச்சு விடாமல் சொல்ல வேண்டும். சொல்லத் தொடங்கினால் நான்காவது தடவையிலேயே நரி நழுவிவிடும். ஐயா அதை யாப்புப் பாடமாகவும் ஆக்கினார். இரண்டாம் அடியின் நான்கு சீர்களும் கருவிளம், அதாவது நிரையசை இரண்டு சேர்ந்தவை. 'நரை' என்பதன் ஈற்றைத் தவிர அந்த அடி முழுவதும் குறில்களே ஓடுகின்றன. ஆகையால் பொருளைக் கேளாமலே நரியின் ஓட்டத்தைக் காதால் கேட்கலாம் என்று அவர் சொன்னபோது, அசை பிரிப்பது எனக்கு முதன்முதலாக இனித்தது.

பொருளைக் கேட்டவன் பின்வாங்கில் இருந்த ஒரு நண்பன். "ஐயா, ஓடுகிற நரியின் முதுகில் ஒரு பிடி மயிர் இருக்கிறது என்று பிடித்துப் பார்த்தவர் யார்?" என்று எழுந்து கேட்டான். ஐயா சிரிக்கவில்லை. அது நல்ல வினா என்றும், அடுத்த மன்றக் கூட்டத்தில் முறையாக விவாதிக்க வேண்டும் என்றும் அறிவித்தார். "கிழநரியின் முதுகு நரைத்தது முதுமையினாலேயே" என்பது தலைப்பு. பக்கத்துக்கு மூவர் பேசுவது, ஐயா நடுவராக இருப்பது, விலங்கியல் ஆசிரியரைச் சிறப்பு விருந்தினராக அழைப்பது என்று முடிவாயிற்று. எங்கள் பக்கத்தில் இரண்டாவது பேச்சாளன் நான்.

ஒரு கிழமை முழுவதும் நாங்கள் அதற்காக வாசித்தோம். வீட்டில் கேட்டால் நரி ஆராய்ச்சி என்றோம். ஊரின் பனை வடலிக்குள் இரவில் நரி ஊளையிட்ட காலம் அது; பனங்காட்டு நரி சலசலப்புக்கு அஞ்சாது என்ற பழமொழி எங்களுக்குப் புத்தகத்தில் வந்ததன்று. கிழம் என்று வாக்கியமே சொல்லும்போது நரைக்கு வேறு காரணம் தேடுவது கண்ணை மூடிக்கொண்டு வழி கேட்பதாகும் என்று நான் பேசினேன். கைதட்டல் கிடைத்தது. நாங்கள் வென்றுவிட்டோம் என்றே நினைத்தேன்.

எதிரணியின் முதற் பேச்சாளன் மணிவாசகர் குருபூசையில் கேட்ட கதையைக் கொண்டு வந்தான். மதுரையில் இறைவன் நரிகளைப் பரிகளாக்கினான். இரவில் அவை மீண்டும் நரிகளாயின. அப்படி மாறும்போது ஒரு குதிரையின் பிடரிமயிரில் ஒரு பிடி மட்டும் மாறாமல் தங்கிவிட்டது. ஆகவே அந்த நரை முதுமையின் நரையன்று, அருளின் அடையாளம் என்றான். அடுத்தவன் இன்னும் துணிந்தவன். தொல்காப்பிய மரபியலில் "பிடியென் பெண்பெயர் யானை மேற்றே" என்று இருப்பதைக் காட்டி, 'ஒருபிடி' என்றால் ஒரு பெண் யானை. கிழநரி தன் முதுகில் ஒரு பெண் யானையைச் சுமந்துகொண்டு ஓடுகிறது. அந்தப் பாரத்தில் எந்த வயதிலும் மயிர் நரைக்கும் என்றான். வகுப்பறை அதிர்ந்தது. பக்கத்து வகுப்பு ஆசிரியர் யன்னலால் எட்டிப் பார்த்தார். பதின்மூன்று வயதுப் பையன் ஒருவன் சொல்லைப் பிரிக்காமலே வேறு பொருள் காணும் சிலேடையை இவ்வளவு நேர்மையாகக் கையாண்டதை நான் பிறகு எந்த மேடையிலும் கண்டதில்லை.

விலங்கியல் சேர் எழுந்து பேசியதுதான் எங்கள் பக்கத்தை உண்மையில் ஆட்டியது. இலங்கையின் காட்டில் வாழும் நாயினம் நரி ஒன்றே. அதன் விலங்கியற் பெயர் 'கானிஸ் ஓரியஸ் நரியா'. அந்த இனத்தின் முதுகில் கருமயிரோடு வெண்மை இயல்பாகவே கலந்து தெளித்தாற்போல இருக்கும். ஆகையால் இளநரியின் முதுகும் பார்ப்பவருக்கு நரைத்ததாகவே தோன்றும் என்று அமைதியாகச் சொல்லிவிட்டு அமர்ந்தார். எங்கள் மூன்றாவது பேச்சாளனுக்குப் பேச ஒன்றும் எஞ்சவில்லை.

பண்டிதர் ஐயா எழுந்தார். "அரை மணித்தியாலமாக இரண்டு பக்கத்தாரும் 'கிளநரி' என்ற ஒன்றைப் பற்றியே பேசினீர்கள். அப்படியொரு நரி தமிழில் இல்லை. கிழநரி இன்னும் இந்த மன்றத்துக்கு வரவில்லை. அது வந்த பிறகு தீர்ப்புச் சொல்கிறேன்" என்றார்.

நாங்கள் வாயடைத்துப் போனோம். யாழ்ப்பாணத்துப் பேச்சில் ழகரம் ளகரமாகிப் பல காலமாயிற்று. எங்கள் வீடுகளில் வாழைப்பழமும் ளகரத்தோடுதான் உரிக்கப்பட்டது. எழுத்தில் பிழை விடாத நாங்கள் நாவில் பிழை விடுகிறோம் என்பதை அன்றுவரை எவரும் எங்களுக்குக் காட்டியதில்லை. ஐயா நன்னூலின் "அண்ணம் நுனிநா வருட ரழ வரும்" என்ற நூற்பாவைச் சொன்னார். ரகரத்துக்கும் ழகரத்துக்கும் நுனிநா செய்யும் தொழில் ஏறக்குறைய ஒன்றே. ஆகவே 'கிழநரி' என்னும்போது நாவானது ழவிலிருந்து ரவுக்கு மிகச் சிறிய இடைவெளியைத் தாண்ட வேண்டியிருக்கிறது. அங்கேதான் அது தடுக்குகிறது என்று விளக்கினார். யானையும் குதிரையும் சுமக்க முடியாத பாரத்தை அந்த இரண்டு எழுத்துகளே சுமந்தன. மணி அடித்த பின்னரும் எவரும் வீட்டுக்கு ஓடவில்லை. ஒவ்வொருவராக மேசையருகே சென்று ஒரு தடவையேனும் கிழநரியைக் கூப்பிட்டுவிட்டே போனோம். அந்த ழகரத்தை அன்று பெற்றேன். அதை இன்றுவரை பத்திரமாக வைத்திருக்கிறேன்.

இங்கே ரொறன்ரோவில் என் பேத்திக்கு அதே வாக்கியத்தைச் சொல்லிக் கொடுக்கிறேன். நான் அன்று பாடுபட்டுப் பெற்ற ழகரம் அவளுக்கு முதல் நாளிலேயே வந்துவிட்டது; பள்ளிக்கூடத்தில் அவள் பேசும் ஆங்கிலத்தின் ரகர ஒலி நம் ழகரத்துக்கு மிக அண்மையில் இருப்பதே காரணம். ஆனால் அதே காரணத்தால் நம் ரகரம் அவளுக்கு அகப்படவில்லை. 'கிழநழி, கிழநழி' என்று அவள் சொல்லச் சொல்ல, நுனிநாவை ஒரு கணம் அண்ணத்தில் தட்டி எடு என்று நான் வாயைத் திறந்து காட்டுகிறேன். சென்ற ஞாயிற்றுக்கிழமை சமையலறை மேசையில் முதன்முதலாக முழு நரியும் வந்தது.

வந்த உடனேயே, "அம்மப்பா, அதுக்கு ஏன் முதுகில மட்டும் நரைச்சது?" என்று கேட்டாள். நான் மூன்று கட்சிகளின் வாதங்களையும், விலங்கியல் சேர் சொன்னதையும் ஒன்றும் விடாமல் எடுத்துச் சொன்னேன். கவனமாகக் கேட்டிருந்துவிட்டு, அவள் யானையின் பக்கம் சேர்ந்துகொண்டாள்.