அழிக்கலாம், ஆனால் பார்க்க முடியாது

நான் எடுத்த முடிவு சரிதான் என்றுதான் இன்றைக்கும் சொல்வேன். ஆனால் எங்கள் ஆப்பைச் சோதிக்கும் டெஸ்டிங் அக்காவுக்குச் சொன்ன பதில் எனக்கே ஒப்பவில்லை.

ஆப்பில் வங்கிக் கணக்கு எண்ணைக் காப்பி செய்தால், காப்பி செய்தது தங்கும் கிளிப்போர்டு 60 நொடியில் காலியாகிவிட வேண்டும், இது செக்யூரிட்டி ஆடிட்டில் வந்தது. ஐஓஎஸ்ஸில் கவலையில்லை, காப்பி செய்யும்போதே காலாவதி நேரம் கொடுத்துவிட்டால் அந்த எண் மட்டும் போய்விடும். ஆண்ட்ராய்டில் டைமர் வைத்து நாமேதான் அழிக்க வேண்டும். வைத்தேன்.

"உங்க ஆப்ல நம்பரைக் காப்பி பண்ணி வாட்ஸ்அப்ல ஒட்டினேன். அங்க வந்திருந்த ஒரு அட்ரஸைக் காப்பி பண்ணிட்டு மேப்ஸுக்குப் போனா, ஒண்ணுமே இல்ல. அந்த அட்ரஸ் உங்களோடதா தம்பி?"

"இல்லக்கா. ஆனா உள்ள இருக்கறது யாரோடதுன்னு பார்க்க நமக்கு அனுமதி இல்ல."

"பார்க்க முடியாததை அழிக்க மட்டும் முடியுமா?"

முடியும், அதுதான் வேடிக்கை. 2019-இல் வந்த ஆண்ட்ராய்டு 10 முதல், திரையில் முன்னால் இல்லாத ஆப் கிளிப்போர்டைப் படிக்க முடியாது. அழிப்பதற்கு அந்தத் தடை இல்லை. கூகிள் வைத்த விதி, நான் என்ன செய்வது என்று அன்றைக்குச் சொல்லிவிட்டேன். வேறு வழியே இல்லாமலும் இல்லை. பயனர் நம் ஆப்புக்குத் திரும்பும்போது, உள்ளே இருப்பதைப் படிக்காமல் காப்பி செய்யும்போது அதன்மேல் ஒட்டிய பெயரை (லேபிள்) மட்டும் பார்த்து, நம்முடையதாக இருந்தால் அழிக்கலாம். ஆனால் அவர் திரும்பி வராவிட்டால்? 60 நொடி என்று எழுதிக் கொடுத்தவர்களிடம் "திரும்பி வந்தால் அழிப்போம்" என்று யார் போய்ச் சொல்வது?

சரி, கணக்கு எண் என்ன அவ்வளவு பெரிய ரகசியமா? செக் தாளிலேயே அச்சடித்துத்தான் தருகிறார்கள், பணம் வர வேண்டுமென்றால் நாமே நாலு பேருக்கு அனுப்புகிறோம். கடவுச்சொல் என்றால் யாரோ ஒருவரின் அட்ரஸ் போனாலும் பரவாயில்லை என்று துணிந்து சொல்வேன். ஆடிட் பட்டியலில் இரண்டும் ஒரே வரியில் இருந்தன, நானும் பிரித்துப் பார்க்கவில்லை. பிரித்துப் பார்ப்பது என் வேலையா என்பதிலும் எனக்குச் சந்தேகம்தான்.

"இப்படித்தான் வேலை செய்யும்" என்று எழுதி அக்கா பதிந்த அந்தப் புகாரை (பக்) மூடினேன். அக்கா மறுபடி திறக்கவில்லை. அடுத்த ஆடிட்டில் கணக்கு எண்ணை மட்டும் பட்டியலிலிருந்து எடுக்கச் சொல்லிக் கேட்கலாம் என்று தோன்றுகிறது. அப்புறம், எடுத்த பிறகு ஏதாவது ஆனால் கேட்டது நான்தான் என்று மெயிலில் இருக்குமே என்றும் தோன்றுகிறது.