பனிக்குடி: மூன்றாம் திருத்தம் மேசையில் நின்றது

போயா லீவு அன்று டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் மேசையில் நாலு பேர், ஐந்து மணித்தியாலம், மூன்று சண்டை. ஒன்றுகூடச் சப்பென்று முடியவில்லை. அந்தப் பகடைக் கதை விளையாட்டில் ஆடுகிறவர் எடுக்க நானே உண்டாக்கி, மாசக்கணக்காக சிஆர் கொப்பியில் எழுதி எழுதி அழித்த மலைநாட்டுக் குடியான பனிக்குடி கடைசியில் ஒழுங்காக ஓடிவிட்டது. எழுதாமல் இருக்க முடியவில்லை.

வேலையைத் தொடக்கிவைத்தது சின்னம்மாவின் மகன். விளையாட்டின் 2014 விதிப் புத்தகத்தில் பாத்திரத்துக்கு எடுக்கக்கூடிய ஒன்பது இனங்களையும் வாசித்துக் காட்டி முடித்ததும், "ஏண்ணே, எல்லாமே வெள்ளக்காரன் ஊரு ஆளுகளா இருக்கே, நம்ம மலையில இருந்து ஒரு ஆளு வராதா?" என்றான். பிறகு வந்த கோலியாத் என்ற இனத்தைக் காட்டினேன். மலையில் பிறந்தவர்கள், 20,000 அடிக்கு மேலேயும் அவர்களுக்கு ஒன்றும் ஆகாது. நம்முடைய பிதுருதலாகலையே 8,281 அடிதான். அந்த வரத்தை வைத்துக்கொண்டு இங்கே எந்த மலையில் ஏறுவது? ஆனால் கோலியாத்தின் சுமை விதி பிடித்துவிட்டது. பலம் 10 உள்ள சாதாரண ஆள் 150 இறாத்தல் சுமப்பார், கோலியாத் 300 சுமப்பார். அதை அப்படியே எடுத்தேன். கொழுந்து மூட்டையோடு படி ஏறுகிறவர்களைப் பார்த்து வளர்ந்தவனுக்கு இதில் யோசிக்க ஒன்றும் இல்லை.

தலைவலி எல்லாம் பனியில்தான் வந்தது.

முதல் தடவை ஒரே வரி எழுதினேன்: "பனிக்குள் தெளிவாகக் கண் தெரியும்." வாசிக்க அழகாக இருந்தது. தம்பி அந்தக் குடியில் ஒரு ரேஞ்சரை (காட்டு வில்லாளியை) செய்தான், இரண்டாம் லெவலில் ஃபாக் கிளவுட் என்ற பனி மந்திரத்தை எடுத்தான். 20 அடி ஆரத்துக்குப் பனி இறங்கும், அவன் அதற்குள் நின்று அம்பு விடுவான். எதிரிக்கு அவனைத் தெரியாது, அவனுக்கு எல்லாம் தெரியும். அவன் எய்தால் அட்வான்டேஜ், அவனை அடித்தால் டிஸ்அட்வான்டேஜ். இருபது முகப் பகடையில் 11 அல்லது அதற்கு மேல் வேண்டும் என்றால் சாதாரணமாக 50 சதவீதம். அட்வான்டேஜில் இரண்டு உருட்டிப் பெரியதை எடுத்தால் 75, டிஸ்அட்வான்டேஜில் சின்னதை எடுத்தால் 25. டார்க்னஸ் என்ற இருட்டு மந்திரத்தையும் அதற்குள் கண் தெரியவைக்கும் டெவில்ஸ் சைட்டையும் சேர்த்து ஆடியவர்களுக்கு இந்தக் கணக்கு பழகியது. ஆனால் அதற்கு வார்லாக் என்ற மந்திரக்காரர் ஆகவேண்டும், அவருக்குக் கிடைக்கும் வரங்களில் (இன்வொகேஷன்) ஒன்றையும் செலவழிக்கவேண்டும். நான் அதைப் பிறப்பிலேயே இலவசமாகக் கொடுத்திருந்தேன். இரண்டு கிழமை உட்கார்ந்து எழுதிய ஆற்றுப் பூதம் மூன்றாவது சுற்றில் விழுந்தது. ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை. அன்றைக்கு எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை.

இரண்டாம் திருத்தத்தில் பயந்துபோய் எதிர்ப்பக்கம் சாய்ந்தேன். புத்தகத்தின் கூர்க்காது இனமான காட்டு எல்ஃபுக்கு ஏற்கனவே ஒரு விதி இருக்கிறது: இலை தழை, அடைமழை, மூடுபனி லேசாக மறைத்தாலே ஒளிந்துகொள்ள முயலலாம். அதை மட்டும் எடுத்துப் போட்டேன். எதுவும் உடையவில்லை. புத்தகத்தில் வந்த இனத்தின் பெரிய பலமே அதுதான், ஆயிரம் மேசையில் அடிபட்டு வந்த விதி. ஆனால் ஆடுகிறவனுக்கு எந்த மாற்றமும் தெரியவில்லை. "இது எல்ஃபுதானேண்ணே, காது மட்டும் கூர் இல்ல" என்று தம்பி சொன்னபோது பதில் சொல்ல முடியவில்லை.

இந்த இடத்தில் பகடை பற்றி ஒன்று. இணையத்தில் ஆர்டர் பண்ணிய செட் ஏழு கிழமை கழித்து வந்தது. இருபது முகத்தில் எனக்குச் சந்தேகம் இருந்ததால் கிளாஸ் தண்ணீரில் கல் உப்பை இனிக் கரையாது என்கிற வரைக்கும் கரைத்து, மிதக்கவிட்டுச் சுண்டிப் பார்த்தேன். பத்துத் தடவையில் எட்டுத் தடவை 7 மேலே வந்து நின்றது. உள்ளே எங்கேயோ காற்றுக் குமிழ். அந்த ஒன்றை ஒதுக்கிவிட்டேன், மற்ற ஆறும் நல்லது. வாங்கியதும் இதைச் செய்து பாருங்கள், புது விதியைச் சோதிக்கும்போது பகடை ஏமாற்றினால் கணக்கு எல்லாம் வீண்.

மூன்றாம் திருத்தம் கொப்பியில் இருந்து வரவில்லை. ஒரு பின்னேரம் அம்மா மலையில் இருந்து இறங்கி வந்துகொண்டிருந்தார். வாசலில் இருந்து பார்த்தால் வெள்ளையைத் தவிர ஒன்றும் இல்லை. முதலில் செருமல் கேட்டது. பிறகு தேத்தண்ணிப் போத்தல் எதிலோ தட்டுப்படும் சத்தம். பக்கத்தில் வந்த பிறகுதான் தலையில் போட்ட சாக்கு தெரிந்தது. பனிக்குள் எங்கள் ஆட்களுக்கும் கண் தெரியாது, காதுதான் தெரியும். இத்தனை நாள் தப்பான புலனுக்கு விதி எழுதிக்கொண்டிருந்தேன்.

உடனே மாற்றினேன்: 10 அடிக்குள் கண் இல்லாமலே ஆளை அறியலாம், காது கேட்கும்வரை மட்டும். இந்த 10 அடியும் என் ஊகம் இல்லை, 2020இல் வந்த டாஷா என்ற கூடுதல் விதிப் புத்தகத்தின் பிளைண்ட் ஃபைட்டிங் (கண் இல்லாமல் சண்டை) விதியும் அதே அளவுதான். இப்போது ரேஞ்சர் பனிக்குள் நின்று தூரத்து ஆளை எய்தால் இரண்டு பக்கமும் குருடு. அட்வான்டேஜும் டிஸ்அட்வான்டேஜும் அடிபட்டுப்போய்ச் சாதாரண உருட்டல்தான். லாபம் வேண்டுமென்றால் கிட்ட வரவேண்டும், கிட்ட வந்தால் அடி வாங்கவேண்டும். போயா அன்று தம்பி கிட்டப் போனான், 14 உயிர்ப் புள்ளி இழந்தான், ஆனாலும் சிரித்துக்கொண்டு ஆடினான்.

இன்னொன்றையும் வெட்டினேன். முதல் திருத்தத்தில் பனிக்குடிக்கு வேகக் கைக்காக டெக்ஸ்டெரிட்டி (சுறுசுறுப்பு) எண்ணில் +2 கொடுத்திருந்தேன், கொழுந்து எடுக்கிற கை என்று. எழுதிவிட்டு எனக்கே பொறுக்கவில்லை. நாளுக்கு 18 கிலோ எடுத்தால்தான் முழுப்பேர் (முழு நாள் சம்பளம்) என்ற தோட்டத்தில் அம்மா அந்த வேகத்தைப் பிடிக்கப் பல வருசம் ஆனது. அது இரத்தத்தில் வந்தது என்று யார் சொன்னாலும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன், என் விளையாட்டிலும் சொல்ல விடமாட்டேன். 2024 விதியில் அந்தக் கூட்டல் எல்லாம் இனத்தில் இருந்து "பின்னணி" என்ற பகுதிக்கு, அதாவது பாத்திரம் முன்பு செய்த வேலைக்குப் போய்விட்டது, எனக்கு அது ரொம்பச் சரி. "கொழுந்துக்காரர்" என்று ஒரு பின்னணி செய்து +2ஐ அங்கே வைத்தேன். கடலோரத்தில் பிறந்தவரும் மலைக்கு வந்து வேலை பழகினால் எடுக்கலாம். குடிக்குக் காதும் முதுகும் மட்டும்.

"இனம்" என்ற சொல்லையும் எங்கள் மேசையில் எடுத்துவிட்டோம். பிறப்புச் சான்றிதழில் அந்தக் கட்டத்தைப் போதுமான அளவு பார்த்தாயிற்று. குடி என்று சொன்னால் வாய்க்கும் நன்றாக இருக்கிறது.

மொழிப் பட்டியல் இன்னும் பாக்கி. அதற்கு முன்னால் மனசு அடுத்ததற்கு ஓடிவிட்டது: தேயிலை பேக்டரியைக் காக்கிற ரோதைமுனியை வார்லாக்குக்கு வரம் கொடுக்கும் தெய்வமாக வைக்கலாம், பேக்டரி ரோதை (இயந்திரம்) ஓடும் வரைக்கும்தான் வரம். அதோடு டெவன் அருவிக்குக் கீழே ஒரு சண்டை. 97 மீட்டரில் இருந்து விழுகிற இரைச்சலில் பனிக்குடிக்குக் காது அடைத்துவிடும், அந்த 10 அடி அங்கே என்ன ஆகிறது என்று பார்க்கவேண்டும். ஏ3 தாளில் ஒரு அங்குலக் கட்டம் போட்டாயிற்று. பாறைகள் வந்துவிட்டன, ஆறு மட்டும் இன்னும் வரையவில்லை.