ஒகேனக்கல் ரசீதுக் குறிப்பேடு

ஜனவரி 12

காணும் பொங்கலுக்கு இன்னும் சில நாள்தான். கூட்டம் சேர்வதற்குள் இங்கே வாங்கும் கட்டணங்களைப் பற்றி ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது.

ஆண்டுக்கு ஒருமுறை வரும் வெளியூர்க்காரருக்கு ஒகேனக்கல் செலவு ஒரே தொகை. பக்கத்தில் இருக்கும் பென்னாகரம், ஊட்டமலை, கூத்தப்பாடிக்காரர்களுக்கு அப்படி இல்லை. வாரத்தில் நாலைந்து நாள் ஆற்றில் இறங்குகிறவருக்குச் சின்னக் கட்டணமும் மாதக் கடைசியில் கனக்கும். பைக்குக்கு நாளொன்றுக்கு 20 ரூபாய், மாதம் 25 நாள் என்று மாதிரிக்கு வைத்துப் பாருங்கள்: மாதம் 500, ஆண்டுக்கு 6,000.

"ஆத்துக்குப் போகக் காசு வாங்கறாங்க" என்று மொத்தமாகச் சொன்னால் எந்த அலுவலகத்திலும் மனு நகராது. வாங்கப்படும் காசு ஒன்றல்ல. வண்டி நுழைவுக்கோ நிறுத்தத்துக்கோ வாங்குவது ஒன்று. பரிசல் சீட்டு வேறு. தொங்கு பாலம், முதலைப் பண்ணை மாதிரி இடங்களின் நுழைவுச் சீட்டு வேறு. கழிப்பறை, உடை மாற்றும் அறை, எண்ணெய் மசாஜ் எல்லாம் சேவைக்கான கூலி. ஒவ்வொன்றுக்கும் பின்னால் இருப்பவர் வேறு: ஊராட்சி, ஊராட்சி ஒன்றியம், வனத்துறை, வசூல் உரிமையை ஏலத்தில் எடுத்த தனியார் என்று மாறும். ஆகவே முதல் வேலை, எந்தக் காசு யாருக்குப் போகிறது என்று ரசீதைப் பார்த்துப் பிரிப்பது.

நடந்து வந்து தண்ணீரில் இறங்குகிறவரிடம் காசு கேட்டால், "எதுக்குங்க, எந்த ரசீதுல?" என்று அமைதியாகக் கேளுங்கள். ஆறு விற்பனைப் பொருள் அல்ல. வண்டிக்கு இடம் கொடுப்பதும் பரிசல் ஓட்டுவதும் வேலை. அதற்குக் காசு கொடுப்பதில் எனக்கு மறுப்பே இல்லை.

ஜனவரி 17

இந்த வாரம் வாங்கும் ஒரு ரசீதையும் கசக்கிப் போடாதீர்கள். வண்டியின் முன்பக்கத்தோடு சேர்த்து அங்கேயே போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். வெயிலில் டேஷ்போர்டில் கிடக்கும் தெர்மல் தாள் சில நாளில் வெளுத்துவிடும். பிறகு அது வெறும் வெள்ளைத்தாள்.

ரசீதில் இருக்க வேண்டியவை: வரிசை எண், வசூலிக்கும் அமைப்பின் பெயர், குத்தகைதாரர் பெயர், வண்டி வகை, தொகை, தேதி. இதில் அடிக்கடி விடுபடுவது முதல் இரண்டும். எண் இல்லாத சீட்டைக் கணக்குப் புத்தகத்தோடு ஒப்பிட வழியில்லை. வசூலான தொகையில் ஊருக்கு எவ்வளவு வந்தது என்று யாராலும் சொல்ல முடியாமல் போவது இங்கேதான் தொடங்குகிறது. இன்னொன்று, பைக் சீட்டில் பேனாவால் தொகையை அடித்து எழுதி காருக்குக் கொடுப்பது. அடித்து எழுதிய சீட்டை வாங்கிக்கொண்டே ஒரு போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே நின்று சண்டை போட வேண்டாம். சீட்டுக் கிழிக்கும் பையன் தினக்கூலிக்கு நிற்பவன். தொகையைத் தீர்மானிப்பவன் அவன் அல்ல.

ஜனவரி 26

கிராம சபை நாள். தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு முறை கூட வேண்டும்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. தலைவர் பதவி காலியாக இருக்கும் காலத்தில் தனி அலுவலர் பொறுப்பில் நடக்கும். கூட்டமே இல்லை என்று ஆகாது.

குறைவெண் வரம்பை, அதாவது கூட்டத்தில் குறைந்தது எத்தனை பேர் இருக்க வேண்டும் என்பதை, தெரிந்துகொண்டு போங்கள். மக்கள்தொகை 500 வரை என்றால் 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300. ஆள் குறைந்தால் தீர்மானம் நிற்காது.

தீர்மான வாசகம் சுருக்கமாக இருக்கட்டும். "கட்டணக் கொள்ளையைத் தடுக்க வேண்டும்" என்று எழுதினால் பதிவேட்டில் ஏறும், அவ்வளவுதான். இப்படிக் கேட்டால் பதில் சொல்லியே ஆக வேண்டும்: "வரும் ஏல நிபந்தனைகளில், இந்த ஊராட்சி முகவரியுள்ள இருசக்கர வாகனங்களுக்கு விலக்கும், நான்கு சக்கர வாகனங்களுக்கு மாதச் சீட்டும் சேர்க்கப்பட வேண்டும். நடந்து வருவோரிடம் எந்தக் கட்டணமும் வசூலிக்கக் கூடாது என்று எழுத்தில் குறிக்க வேண்டும்."

மாதச் சீட்டு புதிய கோரிக்கை ஒன்றும் இல்லை. தேசிய நெடுஞ்சாலைக் கட்டண விதிகள் 2008, சுங்கச்சாவடியிலிருந்து 20 கிலோமீட்டருக்குள் குடியிருப்பவரின் சொந்த உபயோக வண்டிக்கு மாதச் சீட்டு தருகிறது. கிருஷ்ணகிரி சுங்கச்சாவடிக்கும் அதே விதிதான். அங்கே பைக்குக்குக் கட்டணமே கிடையாது. தேசிய நெடுஞ்சாலையில் விடப்படும் பைக், சொந்த ஊர் ஆற்றங்கரையில் ஏன் தினமும் காசு கட்ட வேண்டும்? இந்தக் கேள்வியைச் சபையில் கேளுங்கள், நன்றாக எடுபடும்.

பிப்ரவரி 4

தகவல் உரிமைச் சட்டம், 2005. இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும், பெரும்பாலான மனுக்கள் இங்கேதான் வீணாகின்றன.

ஒன்றிய அலுவலகத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர்கள் இரண்டு பேர். ஒருவர் வட்டார ஊராட்சி, மற்றவர் கிராம ஊராட்சி. ஊராட்சி குத்தகைக்கு விட்டது என்றால் கிராம ஊராட்சிப் பிரிவின் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்புங்கள். ஒன்றியமே நேரடியாக வசூலிப்பது என்றால் வட்டார ஊராட்சி. தவறான இடத்துக்குப் போய்விட்டாலும் பிரிவு 6(3) படி 5 நாளில் உரிய அலுவலகத்துக்கு அவர்களே மாற்ற வேண்டும். ஆனாலும் சரியாக அனுப்பினால் நாள் மிச்சம்.

கட்டணம் 10 ரூபாய். நீதிமன்றக் கட்டண வில்லையாக ஒட்டலாம். நீதிமன்ற வளாகத்துப் பக்கம் முத்திரைத்தாள் விற்பவரிடம் கிடைக்கும். வில்லையின் மேல் நீங்கள் பேனாவால் கோடு போட வேண்டாம், அதை அலுவலகம் பார்த்துக்கொள்ளும். வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர் சான்றின் நகலை இணைத்தால் கட்டணமே இல்லை. ஒப்புகை கிடைக்கும் தபாலில் அனுப்புங்கள். 30 நாள் எண்ணுவது அலுவலகத்துக்கு மனு போய்ச் சேர்ந்த நாளிலிருந்து.

"ஏன்", "நியாயமா" என்று கேட்காதீர்கள். இந்தச் சட்டம் ஆவணத்தைத் தரும், காரணத்தைத் தராது. கேட்க வேண்டியவை: நடப்பு ஆண்டு ஏல அறிவிப்பின் நகல், ஏல நிபந்தனைகள், குத்தகை உடன்படிக்கை, வண்டி வகை வாரியாகக் கட்டணத்தை நிர்ணயித்த தீர்மானம், வசூல் செய்ய அனுமதிக்கப்பட்ட இடத்தின் புல எண் (சர்வே நம்பர்), விலக்குப் பெற்றோர் விவரம். இந்த ஆறு போதும். இருபது கேள்வி கேட்டால் இரண்டுக்குப் பதில் சொல்லிவிட்டு மற்றதை மழுப்ப வசதியாகிவிடும்.

30 நாளில் பதில் இல்லை, அல்லது அரைகுறைப் பதில் என்றால், அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதற்கும் பலன் இல்லையென்றால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். நாட்களைக் காலண்டரில் குறித்து வையுங்கள். கெடு தவறினால் தாமதத்துக்குக் காரணம் சொல்ல வேண்டி வரும், அதை ஏற்பதும் ஏற்காததும் அவர்கள் கையில்.

பிப்ரவரி 19

புல எண்ணை ஏன் கேட்டோம் என்றால், வசூல் நடக்கும் இடம் யாருடையது என்று பார்க்கத்தான். அரசின் இணையவழி நிலப் பதிவேட்டில் அ-பதிவேட்டையும் (நிலம் யாருடையது, எந்த வகை என்று சொல்வது) புலப்படத்தையும் (நில அளவை வரைபடம்) பாருங்கள். அங்கே "ஆறு புறம்போக்கு" என்று இருக்கலாம், நத்தமாக இருக்கலாம், காப்புக்காடாகவும் இருக்கலாம். ஒகேனக்கல்லைச் சுற்றி வன எல்லை மிக அருகில் வருவதால் இந்தச் சந்தேகம் வெறும் சம்பிரதாயம் இல்லை. காப்புக்காட்டு நிலத்தை ஊராட்சி ஏலம் விட முடியாது. ஏலம் விட்டது ஓர் இடம், கயிறு கட்டி வசூலுக்கு நிற்பது இன்னோர் இடம் என்று தெரிய வந்தால், அந்த வேறுபாடே மனுவின் முதல் வரியாக இருக்க வேண்டும்.

ஒன்றைக் கூடுதலாகச் சேர்க்கலாம். 1996-இல் உச்ச நீதிமன்றம் எம்.சி. மேத்தா எதிர் கமல்நாத் வழக்கில், பியாஸ் நதியைப் பற்றிய தீர்ப்பில், ஆறு போன்ற இயற்கை வளங்களுக்கு அரசு அறங்காவலர் மட்டுமே, அவற்றைத் தனியார் உடைமையாக மாற்ற முடியாது என்றது. இதை மேற்கோள் காட்டும்போது கவனம்: கட்டணமே வாங்கக் கூடாது என்று அந்தத் தீர்ப்பு சொல்லவில்லை. அப்படி எழுதினால் மறுப்பது எளிது. ஆற்றுக்குப் போகும் பாதையை மறிக்கக் கூடாது என்பதற்கு மட்டும் அதைத் துணைக்கு வையுங்கள்.

மார்ச் 5

ஏலக் காலம். ஊராட்சிக் குத்தகைகள் பொதுவாக ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை. அதனால் பேச வேண்டியதை இப்போதே பேச வேண்டும். ஏப்ரலுக்குப் பிறகு போய் நின்றால், "அந்தத் தொகைக்குக் கணக்குப் போட்டுத்தானே எடுத்தார், இப்போது விலக்கு கொடுத்தால் நஷ்டம் யாருக்கு?" என்பார்கள். அது நியாயமான பதிலும்கூட. விலக்கு முதலிலேயே நிபந்தனையில் இருந்தால் ஏலம் கேட்பவர் அதைக் கழித்துக்கொண்டுதான் தொகை சொல்வார்.

அறிவிப்பு ஒட்டும் பலகையை வாரம் இரண்டு முறை பாருங்கள். நிபந்தனை நகலில் நான்கு இடங்களைத் தேடுங்கள்: கட்டண விகிதம், எல்லை, உள்ளூர் விலக்கு, வெள்ளத்தால் ஆற்றில் தடை உள்ள நாட்களில் வசூல் உண்டா இல்லையா. கடைசி வரி பெரும்பாலும் இருப்பதே இல்லை. ஜூலை மாதத்தில் அதன் அருமை தெரியும்.

மார்ச் 22

கிராம சபை. ஜனவரித் தீர்மானத்தின் எண்ணைச் சொல்லி, என்ன நடவடிக்கை என்று கேட்டுப் பதிவு செய்யச் சொல்ல வேண்டிய நாள். வேறொன்றும் இல்லை.

ஏப்ரல் 3

புதிய குத்தகை தொடங்கியதும் கட்டணப் பலகையைப் படம் எடுத்து வையுங்கள், தேதியோடு. பலகையே இல்லையென்றால் அதையும் படம் எடுங்கள். பின்னால் மே மாதம் பயணிகள் கூட்டம் சேரும்போது தொகை ஏறினால் இந்தப் படம்தான் பேசும்.

திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனுவோடு பலகைப் படம், ரசீது நகல், தகவல் உரிமைப் பதில் மூன்றையும் இணையுங்கள். மனு எண் வாங்காமல் திரும்பாதீர்கள். போக முடியாதவர்கள் முதல்வரின் உதவி மைய எண் 1100-இல் பதிவு செய்யலாம். வாங்கிய காசுக்குரிய சேவை கிடைக்கவில்லை என்றால் நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் மனுக் கட்டணம் இல்லை, 2 ஆண்டுக்குள் தாக்கல் செய்ய வேண்டும்.

மே 11

கோடை விடுமுறை, பரிசல் துறையில் வரிசை நீளம்.

பரிசல் சீட்டைக் கவுன்ட்டரில் மட்டும் வாங்குங்கள். சீட்டில் எத்தனை பேர் என்று இருக்கிறதோ அத்தனை பேர்தான் ஏற வேண்டும். "கொழந்தைதானே, மடியில வெச்சுக்குங்க" என்பதை ஏற்காதீர்கள். பரிசலுக்கு அடிக்கட்டை கிடையாது. வட்டமான மூங்கில் கூடை, அடியில் தார் பூசிய உறை. கூடுதல் எடை ஏறினால் விளிம்புக்கும் தண்ணீருக்கும் உள்ள இடைவெளி குறையும். சுழலில் ஒரு பக்கம் சாய்ந்தால் விளிம்பு வழியாகத் தண்ணீர் உள்ளே வரும். எதிரெதிரே எடையைச் சமமாக்கி உட்காருங்கள், போட்டோவுக்காக எல்லோரும் ஒரே பக்கம் சாயாதீர்கள்.

லைஃப் ஜாக்கெட்டின் எல்லாக் கொக்கிகளையும் மாட்டி, தோள்பட்டையைப் பிடித்து மேலே இழுத்துப் பாருங்கள். காதுவரை ஏறினால் அது பெரிய அளவு; தண்ணீரில் விழுந்தால் ஜாக்கெட் மேலே மிதக்கும், ஆள் கீழே நழுவுவார். சீட்டு இல்லாமல் ஏறினால் ஜாக்கெட்டும் உறுதியில்லை, விபத்து நடந்தால் அந்தப் பயணத்துக்கு ஆவணமும் இல்லை. அதனால்தான் உள்ளூர்க்காரர்களும் பரிசலுக்கு மட்டும் சீட்டு வாங்கியே ஏற வேண்டும் என்கிறேன்.

போகும் வழியை ஏறுவதற்கு முன்பே பேசிவிடுங்கள்: எந்த இடம் வரை, எவ்வளவு நேரம். நடு ஆற்றில் "இன்னும் உள்ள போலாங்ண்ணா, கொஞ்சம் சேர்த்துக் குடுங்க" என்ற பேச்சு இதனால் குறையும். அந்தக் கேள்வி ஏன் வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். சீட்டுத் தொகை முழுவதும் ஓட்டியின் கைக்குப் போவதில்லை, வெள்ளம் வந்தால் நாட்கணக்கில் வருமானமே இல்லை. ஓட்டிகளின் பங்கு எவ்வளவு என்பதையும் தகவல் உரிமை மனுவில் கேளுங்கள். அவர்களும் நம் பக்கத்து ஆட்கள்தான்.

ஜூன் 15

கிருஷ்ணகிரி அணைப் பூங்காவுக்குக் காலை நடைக்குப் போகிறவர்கள், அங்கே வாங்கும் கட்டணத்துக்கு என்ன செய்வது என்று கேட்டார்கள். வழி அதேதான், அலுவலகம்தான் வேறு. அணை நீர்வளத் துறையுடையது, ஆகவே தகவல் உரிமை மனு ஒன்றியத்துக்கு அல்ல, அந்தத் துறையின் பொதுத் தகவல் அலுவலருக்கு. பூங்கா நுழைவையும் வண்டி நிறுத்தத்தையும் தனித்தனியாகக் கேளுங்கள்.

ஜூலை 19

கர்நாடகத்தில் மழை. கிளம்புவதற்கு முன் பிலிகுண்டுலு நீர்வரத்தைப் பாருங்கள். மத்திய நீர்வள ஆணையத்தின் அளவீட்டு நிலையம் அது; கர்நாடகம் ஆண்டுதோறும் தமிழ்நாட்டுக்குத் தர வேண்டும் என்று 2018 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் சொன்ன 177.25 டி.எம்.சி. காவிரி நீரின் கணக்குப் பார்க்கப்படுவதும் அங்கேதான். கபினி, கே.ஆர்.எஸ். அணைகளில் திறந்த தண்ணீர் அங்கே வந்து சேர ஏறக்குறைய இரண்டு நாள் ஆகும். ஆகவே அணைத் திறப்புச் செய்தியை இன்று படித்தால் நாளை மறுநாளுக்குத் திட்டம் போடாதீர்கள். எத்தனை கன அடியில் தடை என்பது நிலையான எண் அல்ல, மாவட்ட நிர்வாகத்தின் அறிவிப்பைத்தான் பார்க்க வேண்டும்.

தடை நாளில் பரிசலும் இல்லை, குளியலும் இல்லை, ஆனால் வண்டிக் கட்டணம் மட்டும் நடக்கும். மார்ச்சில் அந்த நான்காவது நிபந்தனையைத் தேடச் சொன்னது இதற்காகத்தான். நுழைவிடத்திலேயே "இன்று தடை" என்று பலகை வைக்க வேண்டும். கீழே போய்த் தெரிந்துகொண்டு திரும்புகிறவரிடம் வாங்கிய காசு நியாயமே இல்லை. தடை அறிவிப்பு நகலையும் அன்றைய ரசீதையும் சேர்த்து வையுங்கள்.

தடையை மீறி வேறு இடத்தில் ஆற்றில் இறங்குவதற்கு இது காரணமாகாது. பாறைகளுக்கு இடையே தண்ணீர் இழுக்கும் வேகம், ஆண்டு முழுவதும் நீந்துகிறவருக்கும் மிஞ்சியது.

ஆகஸ்ட் 3

ஆடிப்பெருக்கு. புதுத் தாலிக்கயிறு மாற்றவும் காதோலை கருகமணி விடவும் வருகிற குடும்பங்கள் பெரும்பாலும் பஸ்ஸில் வருகின்றன, நடந்தே கரைக்கு இறங்குகின்றன. அவர்களிடம் எந்த வகைக் கட்டணமும் கேட்க இடமில்லை. யாராவது கேட்டால் நேரம், இடம், தொகை மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆகஸ்ட் 15 சபைக்கு எடுத்துப் போக வேண்டியவை: ஏப்ரல் பலகைப் படம், ஜூலைத் தடை நாள் ரசீதுகள், ஜனவரித் தீர்மான எண். அன்று ஆள் குறைந்து கூட்டம் தள்ளிப்போனால் அடுத்தது அக்டோபர் 2. அடுத்த ஏலத்துக்கு அதற்குப் பிறகு ஐந்து மாதம்தான் இருக்கும்.