அமீரகப் பள்ளி வேலைக்குக் கிளம்பும் முன், கிருஷ்ணகிரியிலேயே முடிக்க வேண்டியவை

வேலை உறுதியான பிறகு சான்றிதழ்களைப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள். நம் பக்கம் பி.எட். முடித்து, தனியார் பள்ளிகளில் வேலை பார்த்துக்கொண்டே வளைகுடாவுக்கு முயற்சி செய்யும் தம்பி தங்கைகள் என்னிடம் கேட்பதெல்லாம் இன்டர்வியூ பற்றித்தான். அதற்கும் வருகிறேன். ஆனால் ஆஃபர் லெட்டர் வந்தபின் பள்ளி தரும் அவகாசம் குறைவு. சான்றிதழ் சரிபார்ப்பு எத்தனை நாள் இழுக்கும் என்பதோ நம் கையில் இல்லை.

நம்மில் பலருக்குப் பட்டம் சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தில், பி.எட். சென்னையில் உள்ள ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகத்தில். ஆகவே உண்மைத்தன்மைச் சான்றுக்கு, அதாவது இந்தப் பட்டம் நாங்கள் கொடுத்ததுதான் என்று பல்கலைக்கழகம் தரும் கடிதத்துக்கு, இரண்டு இடத்தில் விண்ணப்பிக்க வேண்டியிருக்கும். அப்புறம் மாநில அரசின் சரிபார்ப்பு, மத்திய வெளியுறவுத் துறை, அமீரகத் தூதரகம் என்று வரிசையாகப் போக வேண்டும். ஒன்று முடியாமல் அடுத்தது நகராது. ஓமன், சவுதி, பஹ்ரைன் என்றால் அப்போஸ்டில் (நம் வெளியுறவுத் துறை ஒட்டித் தரும் சான்று முத்திரை) போதும், தூதரகப் படி கிடையாது. எந்த நாடு என்று முடிவாகாவிட்டாலும் உண்மைத்தன்மைச் சான்றை இப்போதே வாங்கி வையுங்கள். அது எல்லா வழிக்கும் உதவும்.

இதைவிடப் பெரிய தலைவலி இனிஷியல். மார்க் ஷீட்டில் எம்.கவிதா, பட்டத்தில் கவிதா எம்., பாஸ்போர்ட்டில் கவிதா முனியப்பன். நமக்கு மூன்றும் ஒரே ஆள்தான். வெளிநாட்டில் ஃபைலைப் பார்ப்பவருக்கு அது மூன்று பேர். எல்லாவற்றையும் மேஜையில் பரப்பி, ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். அப்பா பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டல்கூட ஒன்றுபோல் இருக்க வேண்டும். வித்தியாசம் இருந்தால் நோட்டரியிடம் ஒரே நபர் என்று அஃபிடவிட் எடுத்து வையுங்கள். பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டத்தைக் காலியாக விடவே கூடாது. ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டுக்கு விசிட் விசா தருவதில் 2022 நவம்பரில் அமீரகம் கெடுபிடி செய்தது. பின்னால் அம்மா அப்பாவை அழைத்து வர நினைத்தால் அவர்கள் பாஸ்போர்ட்டையும் இப்போதே சரி செய்துவிடுங்கள்.

ஏஜென்ட் விஷயத்தில் கறாராக இருங்கள். ஓசூரில் ஒருவர் என்னிடம் ஒன்றரை லட்சமும் அசல் சான்றிதழ்களும் கேட்டார். நான் எழுந்து வந்துவிட்டேன். மத்திய அரசிடம் பதிவு பெற்ற ஏஜென்ட் அதிகபட்சமாக 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான் வாங்கலாம். பதிவு உண்டா என்பதை மத்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் பார்த்துவிடலாம். தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் இருக்கிறது. 'விசிட் விசாவில் போங்க, அங்க மாத்திக்கலாம்' என்று யாராவது சொன்னால் அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள்.

சரி, இன்டர்வியூ. பெரும்பாலும் ஆன்லைனில் டெமோ கிளாஸ் கேட்பார்கள். சமச்சீர் புத்தகம் நடத்திப் பழகியவர்கள், சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் நடத்தும் என்.சி.இ.ஆர்.டி. புத்தகத்தில் உங்கள் பாடத்தை ஆறாம் வகுப்பிலிருந்து ஒரு கணக்கு விடாமல் போட்டுப் பாருங்கள். எனக்கு ஏழாம் வகுப்பு முழுக்கள் கொடுத்தார்கள். மூன்றிலிருந்து மைனஸ் இரண்டைக் கழித்தால் ஏன் ஐந்து என்பதை எண்கோடு போட்டுச் சொன்னேன். அவர்கள் குறுக்கே கேட்டது கணக்கைப் பற்றி அல்ல. 'முதல் நிமிடத்திலேயே முடித்துவிட்ட பிள்ளைக்கு என்ன வேலை கொடுப்பீர்கள்? ஆங்கிலமே பிடிபடாத பிள்ளைக்கு எப்படிப் புரியவைப்பீர்கள்?'

இரண்டாவது கேள்விக்கு நம் ஊர்க்காரர்களிடம் பதில் தயாராக இருக்கிறது. ஓசூர், தளி பக்கம் ஒரே பெஞ்சில் தெலுங்கு பேசும் பிள்ளையும் கன்னடம் பேசும் பிள்ளையும் தமிழ்ப் பிள்ளையும் உட்கார்ந்திருப்பார்கள். படம், சைகை, பக்கத்துப் பிள்ளையின் உதவி என்று நாம் தினமும் செய்வதை ஆங்கிலத்தில் தெளிவாகச் சொல்லிப் பழகுங்கள். கிராமத்துப் பள்ளி அனுபவம்தானே என்று தயங்கவே வேண்டாம். என் இன்டர்வியூவில் அவர்கள் அதிக நேரம் ஆர்வமாகக் கேட்டது அதைத்தான்.

ஒப்பந்தத்தில் மொத்தச் சம்பளத்தைப் பார்த்து மயங்கிவிடாதீர்கள். அடிப்படைச் சம்பளம் எவ்வளவு என்று பாருங்கள். அமீரகச் சட்டப்படி ஒரு வருடம் முடித்தவருக்கு வேலையை விடும்போது கிடைக்கும் பணிக்கொடை (கிராஜுவிட்டி), முதல் ஐந்து வருடங்களுக்கு வருடத்துக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம் என்ற கணக்கு. அடிப்படையைக் குறைத்து அலவன்ஸைக் கூட்டியிருந்தால் நஷ்டம் உங்களுக்குத்தான். புரொபேஷன் ஆறு மாதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. ஆளெடுக்கும் செலவையும் பள்ளி உங்கள் தலையில் கட்டக் கூடாது.

பெட்டி கட்டும்போது ஒன்று மட்டும் மறக்காதீர்கள்: அமீரகத்தில் கசகசா தடை செய்யப்பட்ட பொருள். அம்மா அரைத்துக் கொடுக்கும் குருமாப் பொடியில் அது இருக்கிறதா என்று கேட்டுவிட்டு எடுத்து வையுங்கள். கேழ்வரகு மாவு தாராளமாகக் கொண்டுபோகலாம். மாத்திரைகளுக்கு டாக்டர் சீட்டு அவசியம், சில வலி மாத்திரைகளுக்கும் இருமல் மருந்துகளுக்கும் அங்கே கட்டுப்பாடு உண்டு. முதல் சம்பளம் கைக்கு வரும்வரை சாப்பாட்டுக்கும் பஸ்ஸுக்கும் ஆகும் பணத்தைத் திர்ஹாமாக மாற்றிக் கையில் வைத்துக்கொண்டு பெங்களூரில் விமானம் ஏறுங்கள்.