அந்த பிளஃப் டர்னிலேயே தொடங்கிவிட்டது

போக்கர் கற்றுக்கொள்ள வருகிற எவரும் முதலில் முகத்தைப் பற்றித்தான் கேட்கிறார்கள். கண்ணை எங்கே வைத்துக்கொள்வது, எச்சில் விழுங்கினால் காட்டிக்கொடுத்துவிடுமா என்றெல்லாம். ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் எங்கள் மொட்டைமாடியில் கூடும் சீட்டுக் கூட்டத்துக்குப் புதிதாக யார் வந்தாலும் இதே கேள்விதான். (தீக்குச்சி வைத்துத்தான் ஆடுகிறோம், பணம் கிடையாது. அதில் எனக்குப் பிடிவாதம் உண்டு.) அவர்களை உட்காரவைத்து 2003ஆம் ஆண்டில் நடந்த ஒரே ஒரு பிளஃபை, அதாவது நல்ல கை இல்லாமலே இருப்பதுபோல் பந்தயம் வைத்து எதிராளியை விலகவைத்த ஆட்டத்தை, விளக்குவேன்.

லாஸ் வேகாஸில் பினியன்ஸ் ஹார்ஸ்ஷூ கேசினோ. உலக போக்கர் தொடரின் முதன்மைப் போட்டி. நுழைவுக் கட்டணம் 10,000 டாலர், ஆட வந்தவர்கள் 839 பேர். கடைசியில் மிஞ்சிய இருவர்: கிறிஸ் மணிமேக்கர், சாமி ஃபார்ஹா. மணிமேக்கர் டென்னசியில் கணக்கு வேலை பார்த்தவர். மணிமேக்கர் என்பது பட்டப்பெயர் இல்லை, குடும்பப் பெயரே அதுதான். போக்கர்ஸ்டார்ஸ் தளத்தில் நூறு டாலருக்கும் குறைவாகக் கட்டித் தகுதி ஆட்டத்தில் ஜெயித்து வந்தவர். ஃபார்ஹா பெய்ரூட்டில் பிறந்தவர், பெரிய தொகைகளுக்கு ஆடிப் பழகிய தொழில்முறை ஆட்டக்காரர், பற்றவைக்காத சிகரெட்டை உதட்டில் வைத்துக்கொண்டு உட்காருவார். நானும் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை செய்கிறவன் என்பதால் மணிமேக்கர் பக்கம் எனக்குக் கொஞ்சம் சாய்வு இருக்கிறது, மறைக்கவில்லை.

இந்த வகைப் போக்கரில் ஆளுக்கு இரண்டு சீட்டு கையில் இருக்கும்; பலகையில் இருவருக்கும் பொதுவாக ஐந்து விழும். முதல் மூன்றுக்கு ஃப்ளாப், நான்காவதற்கு டர்ன், ஐந்தாவதற்கு ரிவர் என்று பெயர். மணிமேக்கர் கையில் ஸ்பேடு ராஜா, ஹார்ட்டின் ஏழு. ஃபார்ஹா கையில் ஸ்பேடு ராணி, ஹார்ட்டின் ஒன்பது. ஃப்ளாப்பில் விழுந்தவை ஸ்பேடு ஒன்பது, டைமண்ட் இரண்டு, ஸ்பேடு ஆறு. ஃபார்ஹாவுக்கு ஜோடி சேர்ந்துவிட்டது. இருந்தும் இருவருமே பந்தயம் வைக்காமல் செக் சொல்லிவிட்டார்கள். டர்னில் ஸ்பேடு எட்டு. ஃபார்ஹா 3 லட்சம் சிப்ஸ் (பந்தய வில்லைகள்) வைத்தார். மணிமேக்கர் அதை 8 லட்சமாக ஏற்றினார். ஃபார்ஹாவும் அதே அளவு வைத்து ஈடுகட்டினார். ரிவரில் ஹார்ட்டின் மூன்று, யாருக்கும் பயன்படாத சீட்டு. ஃபார்ஹா செக். மணிமேக்கர் ஆல்-இன், அதாவது மிச்சமிருந்த சிப்ஸ் எல்லாவற்றையும் வைத்துவிட்டார்.

கையில் ஒன்றுமே இல்லை, வெறும் ராஜா. ஃபார்ஹா அவரைப் பார்த்து, ஃப்ளஷ் (ஒரே இனத்தில் ஐந்து சீட்டு) தவறிவிட்டது போலிருக்கிறதே என்ற பொருளில் கேட்டார். உண்மையும் அதுதான்! மணிமேக்கர் தொப்பிக்கும் கறுப்புக் கண்ணாடிக்கும் பின்னால் அசையாமல் உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு ஃபார்ஹா சீட்டை மடக்கிவிட்டார், அதாவது அந்த ஆட்டத்தை விட்டுக்கொடுத்துவிட்டார். கையில் இருக்கும் சீட்டையும் கேமரா காட்டியதால், தொலைக்காட்சியில் பார்த்தவர்களுக்கு இரண்டு பக்கமும் தெரியும். இந்த நூற்றாண்டின் பிளஃப் என்று வர்ணனையாளர் சொன்னார்.

எல்லோரும் கொண்டாடுவது அந்த ஆல்-இன்னையும் அசையாத முகத்தையும். எனக்கு அதில் உடன்பாடில்லை. இந்த ஆட்டத்தின் அழகு டர்னில் ஏற்றிய அந்த 8 லட்சத்தில் இருக்கிறது.

ஏன் என்று பார்க்கலாம். டர்ன் வந்தபோது பலகையில் ஸ்பேடு மூன்று. மணிமேக்கரிடம் ஸ்பேடு ராஜா. இன்னொரு ஸ்பேடு வந்தால் ஃப்ளஷ். அதற்கு அவர் கணக்கில் 9 சீட்டுகள் பாக்கி. அப்புறம் ஆறு, ஏழு, எட்டு, ஒன்பது வரிசையாக நிற்கிறது. ஐந்தோ பத்தோ வந்தால் ஸ்ட்ரெய்ட் (அடுத்தடுத்த ஐந்து எண்கள்); ஸ்பேடை விட்டுவிட்டால் அதற்கு 6 சீட்டுகள். அவர் பார்க்காத 46 சீட்டில் 15 அவருக்குச் சாதகம், ஏறக்குறைய மூன்றில் ஒன்று. எதிராளி அப்போதே மடக்கினால் பானை (நடுவில் சேர்ந்த பந்தயம் எல்லாம்) கையில். மடக்காவிட்டாலும் அடுத்த சீட்டு காப்பாற்றலாம். இதற்கு செமி-பிளஃப் என்று பெயர் வைத்தவர் போக்கர் நூலாசிரியர் டேவிட் ஸ்க்லான்ஸ்கி. புதிதாக ஆடுபவர்களுக்கு நான் அனுமதிக்கும் ஒரே பிளஃப் இதுதான்.

இன்னொரு நுணுக்கமும் இருக்கிறது. ஸ்பேடு ராஜா மணிமேக்கரிடம் இருக்கிறது என்றால் ஃபார்ஹாவிடம் ராஜா வைத்த ஃப்ளஷ் இருக்க வழியே இல்லை. கையில் இருக்கும் ஏழு, எதிராளியிடம் ஸ்ட்ரெய்ட் இருக்கும் வாய்ப்பையும் குறைக்கிறது. எதிராளியிடம் எது இருக்க முடியாது என்பதைச் சொல்லும் சீட்டுதான் பிளஃபுக்கு ஏற்ற சீட்டு.

ஃபார்ஹாவின் இடத்தில் உட்கார்ந்து பாருங்கள். 3 லட்சத்தை 8 லட்சமாக்குகிறவனிடம் ஃப்ளஷ் இருக்கலாம், ஸ்ட்ரெய்ட் இருக்கலாம், இரண்டு ஜோடி இருக்கலாம். ரிவரில் வந்த ஆல்-இன் அந்த மூன்றுக்குமே பொருந்துகிறது. தணிக்கையில் நாங்கள் ஒரு வவுச்சரை நம்புவதும் இப்படித்தான்: முந்தைய பதிவுகளோடு ஒத்துப்போனால் கடைசி ரசீதைப் பெரிதாகக் கிளறுவதில்லை. டர்னில் வெறுமனே ஈடுகட்டிவிட்டு ரிவரில் திடீரென்று எல்லாவற்றையும் தள்ளியிருந்தால், ஒற்றை ஜோடியோடேயே ஃபார்ஹா காட்டச் சொல்லியிருப்பார் என்று நினைக்கிறேன்.

இதற்கு விலைக்கணக்கும் உண்டு. பானையில் 100 குச்சி, நீங்கள் வைப்பது 100 என்றால், இரண்டில் ஒரு தடவை எதிராளி மடக்கினால் நஷ்டமில்லை. 50 வைத்தால் மூன்றில் ஒரு தடவை போதும். வாய் ஓயாமல் முகத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்த வகுத்தலைப் போடுவதில்லை.

எந்தக் கையோடு பிளஃப் செய்வது? கணிதமேதை ஜான் வான் நாய்மன் எளிமையாக்கிய ஒரு போக்கரை எடுத்துக்கொண்டு இதற்கு விடை கண்டார்: மிக நல்ல கையோடும் மிக மோசமான கையோடும் பந்தயம் வை, நடுத்தரக் கையோடு செக் சொல். முதலில் கேட்டால் தலைகீழாகத் தோன்றும். ஆனால் நடுத்தரக் கைக்குக் காட்டினாலே ஜெயிக்க ஓரளவு வாய்ப்பு இருக்கிறது, அதை ஏன் பணயம் வைக்க வேண்டும்? மோசமான கைக்கு எதிராளி மடக்குவதைத் தவிர வேறு வழியில்லை.

முகம் முக்கியமில்லை என்பதற்கு 2017இல் பிட்ஸ்பர்க்கில் நடந்ததே போதும். கார்னகி மெல்லன் பல்கலைக்கழகத்தில் உருவான லிபரேட்டஸ் என்ற நிரல், நான்கு தொழில்முறை ஆட்டக்காரர்களோடு 1,20,000 ஆட்டங்கள் ஆடி வென்றது. பிளஃபும் செய்தது. அதற்குக் கண்ணும் கிடையாது, தொண்டையும் கிடையாது.

மணிமேக்கர் அன்றே கோப்பையை முடித்தார். கடைசி ஆட்டத்தில் ஃபார்ஹாவிடம் ஜாக்கி, பத்து. இவரிடம் ஐந்து, நான்கு. ஃப்ளாப்பில் ஜாக்கி, ஐந்து, நான்கு. ஃபார்ஹா ஆல்-இன் போக, இவர் உடனே ஈடுகட்டினார். ரிவரில் இன்னொரு ஐந்து, ஃபுல் ஹவுஸ் (மூன்று ஐந்து, இரண்டு நான்கு), பரிசு 25 லட்சம் டாலர். அடுத்த ஆண்டு அதே போட்டிக்கு 2,576 பேர் வந்தார்கள், 2006இல் 8,773 பேர்.

எங்கள் மாடிக்கு வருவோம். இவ்வளவும் சொல்லிவிட்டு நான் கட்டாயம் சேர்ப்பது: மடக்கத் தெரியாதவரிடம் பிளஃப் செய்யாதீர்கள். எங்கள் கூட்டத்தில் மூணு சீட்டு ஆடியே வளர்ந்த அண்ணன் ஒருவர் இருக்கிறார். எவ்வளவு வைத்தாலும், என்ன கதை சொன்னாலும், "காட்டு தம்பி, பார்த்துடலாம்" என்பார். ஃபார்ஹா யோசித்தாரே, அந்த யோசனை இவருக்கு வராது. அவரோடு ஆடும்போது நல்ல கை வரும்வரை காத்திருந்து, வந்ததும் வழக்கத்தைவிட அதிகமாக வைக்கிறேன். அவர் ஒவ்வொரு தடவையும் ஈடுகட்டுகிறார்.